கோடரிக்கு முன் ஒரு கயிறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரத்தோட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சி. தேக்கோ தைலமரமோ பைனோ வரிசை பிடித்து நிற்கும் இடத்தை அப்படியே காட்டுக் கணக்கில் சேர்ப்பது ஒரு கட்சி. அதற்குப் 'பசுமைப் பாலைவனம்' என்று பெயர் சூட்டி, அடியோடு வெட்டிவிட்டு நாட்டு மரக்கன்றுகளை நட்டால்தான் ஆயிற்று என்பது மறு கட்சி. இருவரும் அண்ணாந்து பார்த்தபடியே பேசுகிறார்கள். அந்த இடம் இனிக் காடாகுமா ஆகாதா என்பதைச் சொல்லக்கூடியது, மரத்தடியில் தானாக முளைத்து முழங்கால் உயரத்தில் நிற்கும் நாட்டு மரக்கன்று. அதைக் குனிந்து எண்ணாமல் எந்த மரத்தோட்டத்திலும் வெட்டு ஆணை எழுதக் கூடாது என்பது எங்கள் கருத்து. எண்ணுவது எப்படி, எண்ணிய பிறகு வெட்டுவது எப்படி, வேலை எங்கே கெடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுத இடம் தர வேண்டுகிறோம்.

இது சின்ன விவகாரம் இல்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2020-ஆம் ஆண்டுக் காட்டு மதிப்பீட்டின்படி, உலகில் மனிதர் நட்டு வளர்த்த காடுகள் ஏறத்தாழ 29 கோடி ஹெக்டேர். அதில் 13 கோடி ஹெக்டேருக்குச் சற்று மேல், ஓரிரு இனங்களை ஒரே வயதில் வரிசையாக நட்டுப் பராமரிக்கும் மரத்தோட்டங்கள். அத்தோட்டங்களில் 44 விழுக்காடு பெரும்பாலும் அயல் இனங்களால் ஆனவை. தென் அமெரிக்காவில் இது 97 விழுக்காடு. இவ்வளவு நிலத்தையும் நாற்றங்காலில் கன்று வளர்த்து, குழி தோண்டி, நட்டு மீட்க முடியும் என்று நம்புகிறவர்கள் நடவுக் கூலியைக் கணக்கிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நல்ல வேளையாக, பல தோட்டங்களில் நடவு வேலையைப் பறவைகள் முன்பே தொடங்கிவிடுகின்றன. வெட்டவெளியில் புல் அடர்ந்து கிடக்கும்வரை மர விதை விழுந்தாலும் முளைத்து எழ முடியாது. வேர்ப் போட்டியும் வெயிலும் ஆண்டுதோறும் வரும் தீயும் அதை விடுவதில்லை. எந்த மரமாக இருந்தாலும் அதன் நிழல் விழுந்ததும் புல் தளர்கிறது. சருகு சேர்ந்து மண்ணில் ஈரம் தங்குகிறது. கிளையில் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் உட்கார்ந்து எச்சமிடுகின்றன. இரவில் பழந்தின்னி வௌவால் வருகிறது, மரநாய் நடந்து போகிறது. புவேர்ட்டோ ரிக்கோவில் சூழலியலாளர் ஏரியல் லூகோ, மரத்தோட்டங்களையும் அதே வயதுடைய, தானே வளர்ந்த காடுகளையும் ஒப்பிட்டு 1992-இல் வெளியிட்ட ஆய்வு, பழைய தோட்டங்களின் அடிவளர்ச்சியில், அதாவது மரத்தடியில் தானாக எழுந்த செடிகளிடையே, நாட்டு இனங்கள் கணிசமாக ஏறியிருப்பதைக் காட்டியது. கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே பகுதியில் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் இன்னொரு படி போனார்: பழைய மேய்ச்சல் நிலத்துப் புல்லை அடக்குவதற்கென்றே குமிழ் மரத்தை நட்டு, அதன் நிழலில் மழைக்காட்டு இனங்கள் எழ வழி செய்தார். குமிழ் அங்கே அயல் மரம்தான். ஆனாலும் செவிலியாக நின்றது.

ஆனால் எல்லா விதையும் வந்துவிடாது. இதை மறந்துவிட்டு 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று கைகட்டி நிற்பதும் பிழை. கொண்டைக்குருவியின் வாய் சிறியது. அது கொண்டுவரும் பழங்களும் சிறியவை. காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் போலப் பெரிய விதையுள்ளவற்றுக்கு இருவாச்சியும் பெரிய காட்டுப் புறாக்களும் வேண்டும். அவை தோட்டத்துக்குள் அடியெடுத்து வைக்க, அருகில் காடு இருக்க வேண்டும். காட்டோரத்திலிருந்து விலக விலக விழும் விதை வேகமாகக் குறையும். முதல் நூறு மீட்டருக்குள் கிடைக்கும் செழிப்பு ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்காது. வேறொரு சிக்கலும் உண்டு. நாவல் வகைகள், ஜாதிக்காய் வகைகள், வெள்ளைக் குங்கிலியம் போன்றவற்றின் விதைகள் காய்ந்தால் செத்துவிடும். சில நாட்களிலோ வாரங்களிலோ முளைத்தாக வேண்டும். மண்ணுக்குள் கையிருப்பாகக் கிடப்பவை பெரும்பாலும் வட்டத்தாமரை போன்ற, வெட்டவெளியில் முதலில் எழும் முன்னோடி இனங்களே. எனவே முதிர்காட்டு மரங்களுக்கு மண்ணில் விதைச் சேமிப்பு கிடையாது. அவற்றின் கையிருப்பெல்லாம் நிழலில் காத்து நிற்கும் கன்றுகள்தான். அந்தக் கன்றுகளை நசுக்கிவிட்டால், விதைதரும் மரம் பக்கத்தில் இல்லாத இடத்தில் திரும்பப் பெற வழியில்லை.

இனி எண்ணுவது. கருவி எதுவும் தேவையில்லை: ஐந்து மீட்டர் கயிறு, ஒரு முளைக்குச்சி, எழுத ஒரு அட்டை. முளையை நடுவில் அடித்து, கயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்தால் கிடைக்கும் வட்டம் 78.5 சதுர மீட்டர். அதற்குள் 50 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்த நாட்டு மரக்கன்றுகள், பெரிய நாட்டு மரங்கள், தழைத்துக்கொண்டிருக்கும் நாட்டு மர அடிக்கட்டைகள் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். 1994 முதல் வட தாய்லாந்தில் காடு மீட்பை ஆய்ந்துவரும் சியாங் மாய் பல்கலைக்கழகக் குழுவினர் பரவலாக்கிய முறை இது. வட்டத்துக்கு 25 இருந்தால் ஹெக்டேருக்கு 3,100-க்குச் சற்று மேல் என்று ஆகிறது, 1.8 மீட்டர் இடைவெளியில் நடவு செய்தால் வரும் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதுவே. ஆகவே 25-ஐத் தாண்டும் இடத்தில் நடவு வீண் செலவு. சராசரி 14 என்றால் வட்டத்துக்கு 11 குறை. ஹெக்டேருக்கு 1,400 கன்று நட்டால் போதும். இரண்டு மூன்றுதான் கிடைக்கிறது என்றால், நடவை நம்பித்தான் ஆக வேண்டும்.

பத்து வட்டமாவது போட வேண்டும், அதுவும் கண்ணுக்கு அழகான இடமாகத் தேர்ந்து போடக் கூடாது. ஓடைக்கரையில் எப்போதும் அதிகம் இருக்கும், மேட்டில் குறையும். தோட்டத்தைக் குறுக்காக நடந்து, சம எண்ணிக்கை அடிகளுக்கு ஒன்றாகப் போடுவதே நேர்மை. அந்த முறை திறந்த சீரழிந்த நிலங்களுக்காக வகுக்கப்பட்டது என்பதால், மரத்தோட்டத்துக்குள் இன்னும் இரண்டு பத்திகளை அட்டையில் சேர்க்கச் சொல்வோம். ஒன்று, இனங்களின் எண்ணிக்கை. பெயர் தெரியாவிட்டால் 'பால் வடியும் நீள இலை', 'அடியில் வெண்மை' என்று குறித்து ஓர் இலையைத் தாளுக்கிடையில் அழுத்தி வைத்தாலே போதும். ஒரே பறவைப்பழ இனம் மூவாயிரம் எழுந்து நிற்பதும், முப்பது இனம் மூவாயிரமாக நிற்பதும் மொத்தத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். மற்றது, உயர வகுப்பு: அரை மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை ஒரு பத்தி, அதற்கு மேல் ஒரு பத்தி.

இந்த இரண்டாவது பத்திதான் நோயைச் சொல்லும். சிறிய கன்று ஏராளம், ஒன்றரை மீட்டரைத் தாண்டியது ஏதுமில்லை என்றால், எதுவோ ஆண்டுதோறும் தலையைக் கொய்துகொண்டிருக்கிறது. காரணம் நான்கில் ஒன்று. இருட்டு ஒன்று: தண்டு மெலிந்து, இலைகள் சில, மேய்ந்த தடம் இராது. மேய்ச்சல் இன்னொன்று: நுனி கத்தரித்ததுபோல இருக்கும், பக்கக் கிளைகள் புதராகும். ஐயம் இருந்தால் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரத்தை முள்வேலியிட்டு ஓராண்டு விட்டுப் பார்த்தால் வேலிக்கு உள்ளும் வெளியும் பதில் சொல்லும். மூன்றாவது தரைத்தீ: தண்டின் அடியில் கரி, ஒரே வேரிலிருந்து நாலைந்து தளிர். நான்காவதுதான் அதிகம், ஆனால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அது களைவெட்டு. தோட்டத்தில் 'அடிசுத்தம்' செய்யும் அரிவாளுக்கு உண்ணிச்செடி எது, நாட்டு மரக்கன்று எது என்று தெரியாது. கூலி பரப்புக்குப் பேசப்பட்டிருந்தால் தெரிந்தாலும் பயனில்லை. வேலைக்கு முந்திய நாள், வைத்துக்கொள்ள வேண்டிய கன்று ஒவ்வொன்றின் அருகிலும் வண்ணத் துணி கட்டிய மூங்கில் குச்சியை ஊன்றினால் இந்தச் சேதம் பெருமளவு நின்றுவிடும். இவ்வளவு மலிவான உயிர்ப்பன்மைத் திட்டம் வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

மரத்துக்கு மரம் சிக்கல் வேறு என்பதால் ஒரே வெட்டுமுறையை எல்லாத் தோட்டத்துக்கும் எழுதிவிட முடியாது. தேக்கு கோடையில் இலை உதிர்ப்பது. அப்போது வெளிச்சம் தரைவரை வருவதால் கன்றுகளுக்கு நல்லதுதான். ஆனால் அதே காலத்தில் காய்ந்த பெரிய இலைகள் தரையெங்கும் கிடப்பதால் ஒரு தீக்குச்சி போதும், மூன்றாண்டு வளர்ச்சி ஒரு மதியத்தில் போய்விடும். மழை தொடங்கியதும் அகன்ற இலைகளில் திரண்டு விழும் பெருந்துளிகள், அடிவளர்ச்சி இல்லாத தரையை அரித்துச் செல்லும். எனவே தேக்குத் தோட்டத்தில் அடிவளர்ச்சி மண்ணுக்கும் காவல். தீத்தடுப்புக் கோட்டைக் கோடை தொடங்குமுன் பெருக்கி வைப்பதை விட்டுவிட்டு அங்கே வேறெந்த மீட்பும் பேசிப் பயனில்லை.

மலைகளில் நடப்பட்ட அயல் அகேசியா மரமான வாட்டில் வேறு ரகம். மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும், நிழல் தரும், அதனடியில் சோலை (மலைப் பள்ளங்களில் நிற்கும் குறுங்காடு) மரக்கன்றுகள் நன்றாகவே எழும். ஆனால் அதன் விதை கடின ஓடுடையது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். சூடோ தீயோ பட்டால் ஒருசேர விழித்துக்கொள்ளும். வாட்டில் தோட்டத்தை மொட்டையாக வெட்டி, கழிகளைக் குவித்து எரித்த இடத்தில் அடுத்த மழைக்குப் பாய் விரித்ததுபோல வாட்டில் நாற்றுகள் முளைப்பது இதனால்தான். வெட்டியவர் வாட்டிலை ஒழித்ததாக அறிக்கை எழுதியிருப்பார். உண்மையில் விதைத்துவிட்டு வந்திருப்பார். மேலே இலைக்கூரையாய் நிற்கும் விதானத்தைத் திடீரென்று திறக்காமல், ஆண்டுக்குச் சில மரங்களாக, இடுப்புயரம் முதல் தரைவரை பட்டையை முழுவதுமாக உரித்துவிட்டால் மரம் நின்றபடியே சாகும். தரையோடு ஒட்டிய பட்டையை மிச்சம் வைத்தால் அங்கிருந்து தளிர்க்கும். அரைகுறை உரிப்பால் தோற்ற இடங்களே அதிகம். முளைக்கும் நாற்றுகளை மழைக்காலத்தில், மண் இளகியிருக்கும்போது, முழங்காலுக்குக் கீழே இருக்கையிலேயே கையால் பிடுங்க வேண்டும். இது ஓராண்டு வேலை இல்லை. அந்தச் செலவுக்குப் பல ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்காதவர் வாட்டில் மீது கோடரி வைக்காமல் இருப்பதே மேல்.

தைலமரத்தின் விதானம் பொதுவாகத் திறந்தது. வெளிச்சக் குறை அதிகம் இராது, ஈரக்குறைதான் தடை. அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு வரும். தளிர்களை முழங்கால் உயரத்தைத் தாண்டவிடாமல் இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை ஒடித்துக்கொண்டே வந்தால் கட்டை சோர்ந்து அழுகும். இடையில் ஒரு பருவம் தவறினாலும் அது பழைய பலத்தைப் பெற்றுவிடும். காகிதக் கூழுக்காக ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை வெட்டும் தோட்டத்தில், உள்ளபடி சொன்னால், மரக்காட்டு அடிவளர்ச்சி எழுந்து நிலைக்க அவகாசமே இல்லை. அங்கே ஓடைக்கரைகளையும் செங்குத்துச் சரிவுகளையும் வெட்டுச் சுற்றிலிருந்து நிரந்தரமாக விலக்கி வைப்பதே செய்யத்தக்கது. பைனுக்கு ஒரு நல்ல குணம்: தோட்டங்களில் காணும் பைன்களில் பெரும்பாலானவை வெட்டினால் தழைக்காது. கெட்ட குணம், ஊசிச்சருகு மெத்தை. விழுந்த விதையின் வேர் மண்ணைத் தொடுமுன் காய்ந்துவிடுகிறது. அரை மீட்டர் அகலத் திட்டுகளாகச் சருகை ஒதுக்கிவிட்டால் அவ்விடங்களில் முளைப்பு தெரியும். முழுத் தரையையும் வழித்துவிடுவது அரிப்புக்கு அழைப்பு.

வெட்டு என்று வந்தால், எங்கள் துறையில் பலரும் ஒப்புக்கொள்ளும் ஒரு விதி இருக்கிறது: ஒரே மூச்சில் திறக்காதே. நிழலில் வளர்ந்த கன்றின் இலை மெல்லியது; நேர் வெயில் பட்டால் சில நாட்களில் வெளுத்துக் கருகும். கூடவே உண்ணிச்செடியும் பிற அயல் புதர்களும் அந்த வெளிச்சத்தைக் கன்றுகளைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும். பிரிட்டனில் பழங்காட்டு மண்ணில் பின்னாளில் நடப்பட்ட ஊசியிலைத் தோட்டங்களை அகற்றப் புகுந்தபோதும் இதுவே பாடமாயிற்று. ஒட்டுமொத்தமாக வெட்டிய இடங்களைப் பிராம்பிள் முட்புதர் மூடிக்கொள்ள, எஞ்சியிருந்த பழங்காட்டுச் செடிகள் அமுங்கின. இப்போது அங்கே படிப்படியான கலைப்பு வெட்டையே, அதாவது இடையிடையே சில மரங்களை மட்டும் எடுப்பதையே, பரிந்துரைக்கிறார்கள். எதிர்ப்பக்கப் பாடம் ஜப்பானில் இருக்கிறது. ஏறத்தாழ 70 லட்சம் ஹெக்டேரில் சுகி, ஹினோகி என்னும் ஊசியிலை மரங்களை நட்டுவிட்டு, மர விலை சரிந்து, பல இடங்களில் கலைப்பு வெட்டையே கைவிட்டதால் உள்ளே இருண்டு, தரையில் செடியின்றி மண் அரிக்கிறது. திறக்காமலே விடுவதும் மீட்பு ஆகாது.

நடைமுறை அளவாகச் சொன்னால், ஒரு சுற்றில் மரங்களின் அடிப்பரப்பில் (தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்புகளின் கூட்டுத்தொகையில்) நாலில் ஒரு பங்கு முதல் 30 விழுக்காடு வரை எடுக்கலாம். அடுத்த சுற்று மூன்று முதல் ஐந்தாண்டுக்குப் பிறகு. எந்த இடைவெளியும் அங்குள்ள மரத்தின் உயரத்தைவிட அகலமாக வேண்டாம். எதை எடுப்பது என்பதைக் கீழே பார்த்து முடிவு செய்ய வேண்டும்: ஒன்றரை மீட்டரைத் தாண்டிய நாட்டுக் கன்றுகள் கூட்டமாக நிற்கும் இடத்துக்கு மேலுள்ள மரம் முதலில். கீழே ஒன்றுமில்லாத இடத்தைத் திறந்தால் களைக்கு விருந்து வைத்ததாகும். வழக்கமான கலைப்பு வெட்டில் நேர்மாறாக நடக்கிறது. மேலே நிற்கும் வணிக மரங்களுக்கிடையே இடைவெளி சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

மரத்தை வீழ்த்துவதைவிட வெளியே இழுப்பதில்தான் கன்றுகள் அதிகம் அழியும். இழுவைப் பாதைகளை வெட்டுக்கு முன்பே குறித்துவிட வேண்டும். மூன்று நான்கு மீட்டர் அகலம், பாதைக்குப் பாதை இரண்டு மர நீளம், அதைவிட்டு வண்டியோ மாடோ இயந்திரமோ விலகக் கூடாது. மரத்தைப் பாதை நோக்கிச் சாய்த்து வெட்டினால் தடி பாதையில் வந்து விழும், கொப்பு மட்டும் உள்ளே விழும். கொப்பைக் கழித்துவிட்டு வீழ்த்தினால் சேதம் இன்னும் குறையும். ஏறிக் கழிப்பவர் வேண்டும், கூலி கூடும், ஆனால் கன்று அடர்ந்த இடத்தில் அது தகும். முழு நீளத் தடியைச் சுழற்றி இழுப்பதே பெரிய கொலை. இரண்டு மூன்று மீட்டர் துண்டாக்கிச் சுமந்து வருவது சரிவுகளில் நல்லது. மழைக்காலத்தில் இழுவை கூடவே கூடாது. ஈர மண் அமுங்கினால் ஆண்டுக்கணக்கில் வேர் இறங்காது. நீரோடையின் இருபுறமும் 20 முதல் 30 மீட்டர் வரை தடி இழுக்கக் கூடாது. கழிகொம்புகளை எரிக்காமல் இழுவைப் பாதைமீது பரப்பிவிட்டால் அரிப்பும் குறையும், மாடு மேய வருவதும் குறையும்.

நெருக்கமான கன்றுகளின் நடுவில் நிற்கும் மரத்துக்கு விலை மோசமென்றால் பட்டை உரித்து நின்ற நிலையிலேயே சாகவிடுவதும் ஒரு வழி. நிழல் மெல்ல மெல்ல விலகும், மரங்கொத்திக்கும் குக்குறுவானுக்கும் பொந்து கிடைக்கும், பட்டுப்போன தடியில் பூஞ்சையும் வண்டுப் புழுக்களும் குடியேறும். ஆட்கள் நடமாடும் பாதையோரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். காய்ந்த கிளை எச்சரித்துவிட்டு விழுவதில்லை.

வெட்டுக்குப் பிந்திய இரண்டு மழைக்காலமே கன்றின் தலையெழுத்து. குறித்த கன்றைச் சுற்றி அரை மீட்டர் ஆரத்துக்குக் களை பறித்து, பறித்ததையே மூடாக்காகப் போட வேண்டும், மழைக்காலத்தில் மூன்று தடவை. மூடாக்குத் தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும். ஒட்டிக்கிடந்தால் தண்டு அழுகும். உண்ணிச்செடியை மேலாக வெட்டுவது அதற்குச் செய்யும் உதவி. தரைக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் தளிர்ப்பு நின்றுவிடும். புல் ஆளும் திட்டுகளில் வெட்டுவதைவிட அழுத்திப் படுக்க வைப்பது நல்லது. பிலிப்பைன்ஸில் கோகான் புல்லை ஒரு பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு மிதித்து மிதித்துச் சாய்க்கிறார்கள். வெட்டிய புல் அதிக வீம்போடு வளரும். சாய்ந்த புல் தன் நிழலிலேயே தளரும், தீயும் அதில் தாழ்ந்தே ஓடும்.

நடவு தேவைப்படும் இடத்தில் நட வேண்டியது, தானாக வராத இனங்களை. சிறு பழப் பறவைகள் கொண்டுவரும் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நடுவது, மழை பெய்யும்போது தண்ணீர் ஊற்றுவதுபோல. வெடிப்பலா, காட்டு ஜாதிக்காய், வெள்ளைக் குங்கிலியம் போன்ற பெருவிதைக்காரர்களை விதை விழுந்த சில நாட்களுக்குள் பொறுக்கி, காயவிடாமல் பையில் முளைக்க வைத்து, 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரம் ஆனதும் எஞ்சியுள்ள நிழலிலேயே நடலாம். வரிசை வேண்டாம், ஐந்தாறு கன்றாகக் கூட்டம் கூட்டமாக நட்டால் பின்பராமரிப்பும் எளிது, பறவை வந்து அமரும் மையமும் ஆகும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். வெட்டும் மரமே அந்தப் பணம். பிரேசிலின் அட்லாண்டிக் காட்டுப் பகுதியில் தைலமரத்தையும் நாட்டு மரங்களையும் கலந்து நட்டு, ஐந்தாண்டளவில் தைலமரத்தை மட்டும் வெட்டி விற்ற சோதனைகளில், மீட்புச் செலவில் 44 முதல் 75 விழுக்காடு அந்த வருமானத்திலேயே ஈடாயிற்று என்று 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நட்ட நாட்டு மரங்கள் போட்டியில் சற்று மெலிந்தன; ஆனால் தானாக எழும் அடிவளர்ச்சிக்குத் தடை ஏற்படவில்லை. விற்ற பணம் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல், அடுத்த இரண்டு மழைக்காலக் களையெடுப்புக்கும் தீக்காவலுக்கும் என்று தனியே எழுதி வைக்க வேண்டும். அது எழுதப்படாத இடத்தில் வெட்டு மட்டும் நடக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு விலக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. புல்வெளியாக இருந்த இடத்தில் நட்ட தோட்டத்துக்கு மேற்சொன்ன மகிழ்ச்சி பொருந்தாது. பழனி மலைகளில் நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதாகவும், அதற்கு மரத்தோட்டங்களும் விவசாயமும் காரணமென்றும் 2018-இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது. அங்கே தோட்டத்தின் அடியில் சோலைக் கன்று எழுவது இழந்த புல்வெளிக்கு ஈடாகாது. புல்வெளிப் பறவைக்கும் தவளைக்கும் பூச்செடிக்கும் மரம் எதுவானாலும் அந்நியமே. ஆகவே பள்ளத்திலும் பழைய சோலையோரத்திலும் கன்று அடர்ந்திருந்தால் அதைச் சோலையாக வளர விடலாம். இன்னும் புல்வெளியாகவே இருக்கும் பகுதிகளின் விளிம்பில் ஊடுருவும் இளம் வாட்டிலையும் பைனையும் தாமதமின்றிப் பிடுங்க வேண்டும். முன்பு அங்கே என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பழைய நில அளவை வரைபடமும் மண்ணும் மிச்சமிருக்கும் புல்வகைகளும் பதில் தரும். அதைக் கேட்காமல் வட்டம் போட்டு எண்ணுவதும் குருட்டு வேலைதான்.

உயிர்ப்பன்மைக் கணக்கெடுப்பிலும் ஓர் எச்சரிக்கை. 'தோட்டத்தில் 40 பறவையினம் கண்டோம், பக்கத்துக் காட்டிலும் 40' என்று எழுதிவிடுவது எளிது. எந்த நாற்பது என்று பார்த்தால், தோட்டத்தில் இருப்பவை ஊரோரத்திலும் வாழக்கூடியவையாக இருக்கும். தரையோடு ஒட்டிப் பூச்சி பிடிப்பவையும் பெரும் பழந்தின்னிகளும் விடுபட்டிருக்கும். பாசி, ஆர்க்கிட், ஈரச்சருகில் வாழும் தவளை போன்றவை மரக்கன்றுகளைவிடப் பல ஆண்டு பின்தங்கியே வரும். எண்ணிக்கையைவிடப் பட்டியலைக் கேளுங்கள்.

இறுதியாக ஒரு கோரிக்கை. மர வெட்டு ஒப்பந்தங்கள் கன மீட்டருக்கோ டன்னுக்கோ பேசப்படுகின்றன. அப்படிப் பேசினால் கீழே நிற்கும் கன்று ஒப்பந்தக்காரருக்கு இடைஞ்சல் மட்டுமே. வெட்டுக்கு முன் போட்ட வட்டங்களின் முளைக்குச்சிகளைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே இணைத்துவிடலாம். கடைசித் தடி வெளியேறிய பிறகு அதே முளைகளில் அதே கயிற்றைக் கட்டி, இரு தரப்பும் நின்று மறுபடி எண்ணட்டும். இழுவைப் பாதைக்கு வெளியே ஒன்றரை மீட்டரைத் தாண்டிய நாட்டுக் கன்றுகளில் பத்துக்கு எட்டு உயிரோடு நின்றால் மட்டும் இறுதித் தவணையை விடுவிக்கலாம்.

இப்படிக்கு,
மரத்தோட்டங்களில் காடு மீட்புப் பணி செய்வோர் சிலர்